எனக்கும் கேக்குது

"இந்தத் தட்டுல ஒரு விசில் கேக்குது. உனக்குக் கேக்குதா?" என்று சீப்பு கேட்டபோது இடிக்கு ஒரு மண்ணும் கேட்கவில்லை. இருந்தாலும், "ஆமா, எனக்கும் கேக்குது" என்று சொல்லிவிட்டாள். போனில் இசைத்தட்டுத் தொழிற்சாலை அம்மாள் காத்திருந்தாள். அவள் காதிலும் விழட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னாள். அந்த மூன்று வார்த்தை என்ன பாடு படுத்தப்போகிறது என்று தெரிந்திருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

சீப்பும் இடியும் கணவன் மனைவி, இரண்டும் மேடைப் பெயர்கள். பத்தொன்பது வருடமாக இரண்டே பேர் கொண்ட இசைக்குழு. அவன் கிட்டாரும் பாட்டும், அவள் நின்றபடியே டிரம்ஸ். ராக்கபில்லி என்ற பழைய துள்ளல் ராக் தாளத்தைப் பிடித்துக் கராஜ் பங்க் என்ற முரட்டு இசையின் வேகத்தில் அடித்துத் துவைத்துக் காயப்போடுவார்கள். பின்பாக்கெட்டில் சீப்பு இல்லாமல் அவன் வாசல் தாண்டமாட்டான், அதனால் அந்தப் பெயர். அவள் பெயருக்கு விளக்கமே தேவையில்லை. எந்தப் பெரிய கம்பெனியும் அவர்களைச் சீந்தியதில்லை, அவர்களும் யார் வாசலிலும் போய் நின்றதில்லை. வீட்டை ஒட்டிய கார் கொட்டகையில் ஒரே மூச்சில் பதிவு செய்வார்கள். தப்பு வந்தால் தப்போடு வெளியிடுவார்கள். ஆம்ப்ளிஃபயரின் உறுமல், அவன் ஸ்டூல் கிறீச்சிடுவது, ஒருமுறை இடி தும்மியது, எல்லாமே தட்டில் இருக்கும். "நாம போட்ட சத்தம் அத்தனையும் இருக்கணும். நாம போடாத சத்தம் ஒண்ணுகூட இருக்கக் கூடாது." இது சீப்பின் கட்சி.

இடிக்கும் ஒரு கட்சி உண்டு. வெளியாள் முன்னால் அவனை விட்டுக்கொடுக்கக் கூடாது. சத்தத்தைக் குறைக்கச் சொல்லும் அரங்கக்காரனாகட்டும், "இந்த வயசுல இன்னும் என்ன இந்தக் கூத்து" என்று கேட்கும் அவளுடைய சொந்த அண்ணனாகட்டும், சீப்பு சொன்னதற்கு அவள் ஒத்து ஊதுவாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு அவனை வறுத்தெடுப்பாள், அது வேறு கதை. அப்படி ஒட்டிக்கொண்டு நிற்காமல் இருந்திருந்தால் இரண்டாவது வருடமே கடையைக் கட்டியிருப்பார்கள். அன்றைக்கும் அந்தப் பழக்கம்தான் அவள் வாயில் வந்தது.

போனை வைத்த பிறகாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சீப்பு நெஞ்சில் கைவைத்து, "நல்லவேளை. எனக்கு மட்டுந்தானோன்னு பயந்துட்டேன்" என்றான். இதைக் கேட்ட பிறகு எந்த மனைவிக்கு வாய் வரும்? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். நாளைக்கும் நாளை வந்தது.

அது அவர்களுடைய எட்டாவது தட்டு. மொத்தமாக அடிப்பதற்கு முன் தொழிற்சாலை ஒரு சோதனைத் தட்டு அனுப்பும். கேட்டுவிட்டுச் சரி என்றால்தான் மேற்கொண்டு அடிப்பார்கள். முதல் தட்டில் விசில் என்று சீப்பு திருப்பி அனுப்பினான். பாட்டு ஓடும்போது இல்லையாம், இரண்டாவது பாட்டு முடிந்து மூன்றாவது தொடங்குமுன் வரும் நான்கு நொடி மௌனத்தில் மெல்லிசாக, கம்பி போல ஒரு விசில். தொழிற்சாலை புதுத் தட்டு அனுப்பியது. அதிலும் விசில். மூன்றாவதிலும் விசில். "ஊசி சரியில்ல, அச்சு சரியில்ல, அந்த அம்மாவுக்குக் காதே சரியில்ல" என்று கத்தினான். இடி தலையாட்டினாள்.

இதற்கு நடுவில் வண்டியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பதினோரு மேடை ஏறினார்கள். சீப்பு ஆம்ப்ளிஃபயரை வழக்கத்தைவிட ஏற்றி வைத்தான். "இன்னிக்குச் சத்தம் பத்தல" என்றான், முன்வரிசை காதைப் பொத்திக்கொண்டிருந்தபோது. வழியில் சாப்பிடும்போது அவன் வலப்பக்கம் உட்கார்ந்து அவள் பேசினால் "என்ன?" என்று இரண்டு தடவை கேட்டான். முதல் தட்டு வருவதற்கு முந்தின வாரம் ஒரு மேடையிலிருந்து இறங்கும்போது, "வலது காதுல தண்ணி புகுந்த மாதிரி அடைப்பா இருக்கு" என்று அவன் சொன்னது இடிக்கு நினைவு வந்தது. கோளாறு தட்டிலா அவன் காதிலா என்று சந்தேகம் வந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அன்றைக்குச் சொன்ன பொய்யும் சேர்ந்தல்லவா வெளியே வரும்?

கடைசியில் தொழிற்சாலை அம்மாளே பொறுமை இழந்து, "நேர்ல வாங்க. ஒண்ணா உக்காந்து கேப்போம்" என்றாள். தட்டுகளைச் சோதிப்பதுதான் அவள் வேலை. முப்பது வருடமாகக் காலையிலிருந்து மாலைவரை காதை மட்டும் வைத்துப் பிழைப்பவள். அவளுடைய அறை சின்னது, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. கதவைச் சாத்தியதும் தன் மூச்சே இடிக்குப் பெரிதாகக் கேட்டது.

தட்டு சுழன்றது. சீப்பு கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தான். இரண்டாவது பாட்டு முடிந்தது.

"இதோ," என்றான். "இப்ப. நல்லா கேக்குது."

அம்மாள் ஊசியைத் தூக்கினாள். ஸ்பீக்கரை அணைத்தாள். அப்புறம் குனிந்து சுவரிலிருந்த பிளக்கையே பிடுங்கினாள். சீப்பு கண்ணைத் திறக்காமல் விரலை உயர்த்தி, "இன்னும் இருக்கு. விடாம வருது பாருங்க" என்றான்.

"சார், எல்லாத்தையும் அணைச்சிட்டேன்."

சீப்பு கண்ணைத் திறந்து, அவள் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் ஆள் லேசில் விடுகிறவனா? "அப்ப இந்த ரூம்ல எங்கேயோ இருக்கு. டியூப்லைட் சத்தமா இருக்கும். இவளுக்கும் கேக்குது, மொத நாள்லேருந்தே கேக்குது. வேணும்னா இவளையே கேளுங்க."

அம்மாள் இடியைப் பார்த்தாள். பரிதாபமாகப் பார்த்தாள், அதுதான் தாங்கவில்லை. லைட்டுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்னும் ஒரு வாரம் ஓட்டிவிடலாம்.

"இல்லப்பா. எனக்குக் கேக்கல."

"இப்ப இல்ல சரி. அன்னிக்கு?"

"அன்னிக்கும் கேக்கல."

பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக வெளியாள் முன்னால் அவனை விட்டுக்கொடுத்தாள். அம்மாள் ஏதோ வேலை இருப்பதுபோல வெளியே போய்விட்டாள்.

மறுநாள் காது மருத்துவர் அவனைக் கண்ணாடிக் கூண்டில் உட்காரவைத்து, ஒவ்வொரு சுருதியாக அனுப்பிச் சோதித்தார். வலது காது பாதிக்குமேல் போயிருந்தது. "திடீர்னு காது மந்தமாகி இரைச்சல் வந்தா உடனே வரணும். ரெண்டு வாரத்துக்குள்ள வந்தா மருந்துக்கு ஓரளவு கேக்கும். நீங்க ரெண்டரை மாசம் கழிச்சு வந்திருக்கீங்க, அதுக்குள்ள பதினோரு கச்சேரி வேற" என்றார். "ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

"தட்டுலதான் கோளாறுன்னு நினைச்சேன்," என்றான் சீப்பு. அவள் சொன்ன பொய்யைப் பற்றி மூச்சுவிடவில்லை. அங்கேயும் அவன் அவளை விட்டுக்கொடுக்கவில்லை. இடிக்கு அந்த நாற்காலியிலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

வெளியே வந்து வண்டியில் ஏறினார்கள். அவன் சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தான்.

"திட்டிடுப்பா," என்றாள் அவள். "வாய்விட்டுத் திட்டு."

"திட்டி என்ன ஆகப்போவுது." சாவியைக் கையில் உருட்டியபடி, "பாட்ட விடமாட்டேன். ஒரு காது போதும். ஆனா பதிவு பண்றப்ப எது கிட்டாரு, எது என் காதுன்னு எனக்குத் தெரியாது. எல்லாத்துக்கும் உன்னத்தான் கேக்கணும்" என்றான்.

"கேளு. நான் சொல்றேன்."

"சொல்லுவ. நான் என்ன கேக்கணும்னு நினைக்கிறேனோ அதையே சொல்லுவ. அத நான் எப்படி நம்புறது?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். சத்தியம் பண்ணுகிறேன் என்று சொல்ல இடி வாயெடுத்தாள். அதையும் அவன் நம்ப வேண்டுமே என்று தோன்றியது.