இரண்டாம் கிண்ணம் பாயசம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்த ஊசிமருந்து கம்பெனியின் கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில், ஏகாம்பரத்தோடு இன்னும் நாலு பேர் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் அந்தக் கம்பெனியின் பங்கு வாங்கி வைத்தவர்கள். மருந்து செய்யும் முறை தங்களுடையது என்று வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று போட்ட காப்புரிமை வழக்கில் இன்று உள்ளே சமரசப் பேச்சு. கொஞ்சத்தில் முடிந்தால் பங்கு ஏறும்; பெருந்தொகை கொடுக்க நேர்ந்தால் சரியும். எத்தனை கார் வந்தது, வக்கீல் முகம் எப்படி இருந்தது என்று அதிலேயே ஜோசியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏகாம்பரத்துக்கு மட்டும் வேறொரு வழி இருந்தது. அவர் மனைவி மங்களம்தான் அந்தக் கம்பெனிக்கு வரும் விருந்தாளிகளுக்குத் தன் பாத்திரங்களைக் கொண்டுபோய்ச் சமைத்துப் பரிமாறுகிறவள். கள்ளிக்குப்பத்து நிலம் விற்ற பணத்தில் பாதி ஏற்கெனவே பங்கில் கிடந்தது. மிச்சப் பாதி மகள் நிவேதிதாவின் கல்யாணத்துக்கு. நல்ல சேதி என்றால், மூன்றரைக்குச் சந்தை மூடுமுன் அதையும் போட்டுவிடுவதாக இருந்தார்.

பரிமாறும் இடத்தில் காதில் விழுவதை வெளியே கொண்டுபோகக் கூடாது. பதினோரு வருடமாக மங்களம் அப்படித்தான். பேசுவது எதையும் சொல்ல மாட்டேன் என்று காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். பாயசம் கேட்டார்களா என்று மட்டும் சொல், மனசு நிறைந்தவன்தான் பாயசம் கேட்பான் என்றார் அவர். இதில் என்ன தப்பு என்று அவளும் தலையாட்டி வைத்தாள், பாவம்.

மூன்றே காலுக்குப் போன் வந்தது.

"இன்னாம்மே, பாயசம் கேட்டாங்களா இல்லியா?"

"கேட்டாங்க. ரெண்டாந்தரமும் கேட்டாங்க. ஆனா..."

"போதும்மே. வெச்சிடு."

கேட்டவர்கள் எதிர்த்தரப்பு வக்கீல்கள். அதைச் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்துவிட்டாள். அந்த ஒரு நொடிதான். திரும்பப் போன் அடித்தாள். பிஸி. மறுபடியும் பிஸி. கரண்டியைப் போட்டுவிட்டு ஈரக்கையோடு கேட்டைத் தாண்டி டீக்கடைக்கு ஓடினாள்.

ஏகாம்பரம் சிரித்துக்கொண்டு நின்றார். மிச்சப் பணத்துக்கும் வாங்கியாகிவிட்டது. மணி மூன்று இருபத்தாறு. தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல நேரமில்லை. கம்பெனி வாட்ச்மேன் சின்னசாமி வேறு பின்னாலேயே வந்து நின்றார்.

"வித்துடுயா. எல்லாத்தயும் வித்துடு. பாயசம் கேட்டது அவங்க வக்கீலுங்க. நம்ம மொதலாளி எலைல கையே வெக்கல."

ஐந்து தலைகளும் போன்மேல் கவிழ்ந்தன. ஏகாம்பரத்தின் விரல் தப்பான இடத்தைத் தொட்டது, மறுபடி தொட்டது. வாங்கிய விலைக்குக் கொஞ்சம் குறைவாகவே போனாலும், மூன்று இருபத்தொன்பதுக்குள் எல்லாம் விற்றுவிட்டது. அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

சின்னசாமி மங்களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பிப் போய்க் கேட்டின் பக்கக் கதவைச் சாத்தினார்.

"ஒம் பாத்திரத்த எல்லாம் வெளிய அனுப்பச் சொல்றேன், மங்களம்" என்றார்.