அப்பாவுக்கு ஒரு குடுக்கை

அலமாரியின் மேல்தட்டைத் துழாவிக்கொண்டிருந்த நீபியாவின் தலைமேல் ஒரு செருப்புப் பெட்டி விழுந்தது. அவள் தேடியது அப்பாவின் கறுப்பு டையை. பெட்டிக்குள் இருந்தது நாலு வருஷத்துக்கு முன்னால் தந்தையர் தினத்துக்கு அவளே வாங்கிக் கொடுத்த கம்பளிச் செருப்பு. உள்ளே திணித்த காகிதத்தைக்கூட அவர் எடுக்கவில்லை. அதற்கடியில் தம்பி வில்மார் கொடுத்த சட்டை, குத்திய ஊசி குத்தியபடி. இன்னொரு வருஷம் கொடுத்த சவர இயந்திரத்தின் பெட்டி மட்டும் உபயோகப்பட்டிருந்தது, ஆணி போட்டு வைக்க.

"கெடச்சுதா அக்கா?" வாசலிலிருந்து வில்மார் கத்தினான். "சவப்பெட்டிக்காரர் போன் மேல போன் போடுறாரு. உடுப்பு போனாத்தான் அப்பாவுக்கு மாட்டிவிட முடியுமாம்."

"இருடா. அவர் டை கட்டுனதே உன் கல்யாணத்துக்குத்தான்."

நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்த அப்பா எலாடியோ பிறகு கண் திறக்கவில்லை. நல்ல சாவு என்றார்கள் தெருவில். நல்ல சாவுதான், இரண்டு நாள் தள்ளி வந்திருந்தால் இன்னும் நல்ல சாவு. நாளை ஞாயிற்றுக்கிழமை தந்தையர் தினம்.

பரிசு வாங்கிக்கொள்வதில் எலாடியோவைப் போல ஒரு கல்நெஞ்சக்காரர் கிடையாது. பொட்டலத்தைப் பிரித்து, கரண்ட் பில்லைப் பார்ப்பது போலப் பார்ப்பார். "எதுக்கு இந்த வீண் செலவு?" என்பார். அத்தோடு அது அலமாரிக்குள் போய்விடும். கொடுத்தவள் முகம் சுருங்குவதை அவர் பார்த்ததாகவே தெரியாது. இந்த வருஷம் அலமாரிக்குப் போகாத ஒன்றைக் கொடுத்தே தீருவது என்று நீபியா சபதம் எடுத்திருந்தாள். விடிந்தால் அடைந்தால் அவர் கையை விட்டு இறங்காத பொருள் ஒன்றே ஒன்றுதான், மாத்தே என்னும் கசப்பு இலைப் பானத்தை உறிஞ்சிக் குடிக்கும் சுரைக்குடுக்கை. பழைய குடுக்கை வாய் வெடித்து, செம்புக் கம்பி கட்டி, கால்சட்டையில் ஒழுகிக்கொண்டிருந்தது. சந்தையில் அத்தனை குடுக்கைகளையும் இரண்டு விரலை மடக்கிக்கொண்டு தூக்கிப் பார்த்தாள். அப்பாவுக்கு அந்த இரண்டு விரலும் நீளாது. கடைக்காரி ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கடைசியில் இடுப்பு குறுகிய ஒன்று கையில் நின்றது.

புதுக் குடுக்கையில் அப்படியே குடித்துவிட முடியாது. இரும்புச் சட்டியைப் போல அதையும் பழக்க வேண்டும். குடித்து முடித்த இலையை அதில் நிரப்பி, ஊறவிட்டு, நாள்தோறும் மாற்றி, உள்தோலைச் சுரண்டி எடுக்க வேண்டும். நீபியா மாத்தே குடிப்பவள் அல்ல. இந்த ஊரில் பிறந்து காப்பி குடிக்கிற ஒரே ஆள் என்று அவளுக்குப் பெயர். திங்கட்கிழமை அப்பா கொட்டிய இலையைக் குடுக்கையில் அடைத்து, வெந்நீர் ஊற்றி, மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அதன் பிறகு பேக்கரியில் வேலை கழுத்தை நெரித்தது. சுத்தமாக மறந்துபோனாள்.

இப்போது பூஞ்சை பிடித்திருக்கும். பிடித்தால் என்ன, கழுவித் துடைத்து அவர் கையருகே பெட்டியில் வைத்துவிடலாம். ஒரு பரிசாவது அவரோடு போகட்டும். டையை வில்மாரிடம் கொடுத்து, "வண்டியை எடு, பெட்டியில ஒண்ணு வைக்கணும், எடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள்.

அங்கே பக்கத்து வீட்டு புளோரோ உட்கார்ந்திருந்தார். தினமும் காலையில் அப்பாவோடு மாத்தே குடிக்கிறவர், இன்றும் பழக்கத்தில் வந்துவிட்டார். எதிர் நாற்காலி காலியாக இருந்தது.

நீபியா மாவு டப்பாவை நகர்த்தினாள். குடுக்கை இருந்தது. பூஞ்சை இல்லை. உள்ளே மழமழவென்று சுரண்டியிருந்தது. இலையின் பச்சை நிறம் குடுக்கையின் உள்சுவரில் ஏறி, நன்றாகக் காய்ந்திருந்தது. அவள் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னப் பாக்காத. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு உங்கப்பனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார் புளோரோ.

"மாமா!"

"நீ ஒளிச்சு வச்ச இனிப்புக் கட்டியத் தேடிப் போயிருக்கான் திருட்டுப் பய. டாக்டர் வேணாம்னா கேக்குற ஆளா? இது கையில மாட்டிக்கிச்சு. நேரா என்கிட்ட கொண்டாந்து, 'பாருடா, கொதிக்கிற தண்ணிய ஊத்தியிருக்கா என் மவ. வெடிச்சிருந்தா என்ன ஆவுறது'ன்னு ஒரே திட்டு."

"திட்டுனாரா?"

"திட்டிக்கிட்டே இலைய மாத்துனான். நீ வேலைக்குப் போனதும் தினம் எடுத்துச் சொரண்டுறது, நீ வர்றதுக்குள்ள அதே எடத்துல வைக்கிறது. ஒருவாய் குடிச்சுப் பாருடான்னேன். 'அவ குடுக்காம எப்படிடா குடிக்கிறது'ன்னான்."

நீபியா அப்பாவின் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

"அதவிடக் கூத்து என்னன்னா," புளோரோ மூக்கை உறிஞ்சினார், "ஞாயித்துக்கிழம நீ குடுக்கும்போது ஆச்சரியப்படணுமாம். 'எனக்கு அந்த மூஞ்சியே வராதுடா'ன்னு என் முன்னால உக்காந்து பழகிப் பாத்தான். அய்யோ, அத ஏன் கேக்குற! பல்வலிக்காரன் மாதிரி இருக்குன்னேன். மறுபடி, மறுபடி. எவ்வளவு பண்ணியும் பல்வலிதான்."

நீபியாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை பொத்துக்கொண்டு வந்தது, நேற்றிலிருந்து வராத அழுகை.

வாசலில் வண்டி ஹாரன் அடித்தது. வில்மார் உள்ளே எட்டிப் பார்த்தான். "அக்கா, பெட்டியில ஏதோ வைக்கணும்னியே, எங்க?"

"அவரோட பழசையே எடுத்துட்டுப் போ. கம்பி கட்டுனது. இது இருக்கட்டும்."

எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். கொதிக்கவிடாமல் பக்கத்திலேயே நின்று தண்ணீரை இறக்கினாள். குடுக்கையில் இலையை நிரப்பி, அப்பாவின் உறிஞ்சுகுழலைச் செருகி ஊற்றினாள். ஊற்றுகிறவர்தான் முதல் குடுக்கையைக் குடிக்க வேண்டும், அதுதான் அதிகக் கசப்பு. முகத்தைச் சுளித்துக்கொண்டு கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினாள். மறுபடி நிரப்பி, இரண்டு கையாலும் புளோரோவிடம் நீட்டினாள்.

அவர் உடனே வாங்கிக்கொள்ளவில்லை. குடுக்கையைப் பார்த்தார். புருவம் இரண்டையும் மேலே தூக்கி, கண்ணை உருட்டி, வாயை ஒரு பக்கமாகத் திறந்தார்.

பல்வலி வந்தவரைப் போலத்தான் இருந்தது.