மூச்சு விட்ட சுரம்

லிஃப்ட் மெக்கானிக் வேலையிலிருந்து வந்ததுமே அவன் கிட்டாரும் கையுமாக உட்கார்ந்துவிடுவான். கைக்குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த வாரம்தான் ப்ளூஸ் என்கிற சோக இசையைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினான். செல்போன் வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் சுரங்களைக் கொட்டித் தீர்ப்பான். மனைவியோ இதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை.

அன்று துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "ஏங்க, இப்படி மூச்சு விடாம வாசிச்சா நான் எப்பங்க அழறது?"

அவனுக்குச் சுருக்கென்றது. ஒரே ஒரு கம்பியை மீட்டி, அழுத்திய விரலை மெல்ல மேலே தள்ளினான். சுரம் விம்மி அடங்கியது. அடுத்ததற்கு விரல் துடித்தது. கம்பிகளை உள்ளங்கையால் பொத்திக்கொண்டான்.

அந்த அமைதியில் அவள் உடைந்து அழுதாள். அழுகை ஓயும்வரை அவன் வாசிக்கவில்லை.

"இன்னொரு தடவை," என்றாள். "அதே மாதிரி, மெதுவா."