மரத்தேமல்

ஓடையோரத்து மரத்தை வெட்டிவிட்டார்கள். வெட்டவே கூடாத மரம். காலையிலிருந்து மரக்கிடங்கில் வேறு பேச்சே இல்லை.

எங்கள் வேலை இப்படித்தான். மாப்பிள்ளை மழைக்காட்டுக்குள் முன்னால் போய், வெட்ட வேண்டிய மரத்தில் வெள்ளைப் பெயிண்டால் வட்டம் போடுவார். என் மகன் ரம்பத்தோடு பின்னால் போவான். வட்டத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்த பிறகுதான் ரம்பத்தில் கை வைக்க வேண்டும். ஏனென்றால் அந்தக் காட்டு மரப்பட்டையில் தானாகவே ஒன்று படரும். வெள்ளையாக, வட்டமாக, பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும். படித்தவர்கள் லைக்கன் என்கிறார்கள். எங்களுக்கு அது மரத்தேமல். சுரண்டினால் உள்ளே பச்சை தெரியும். பெயிண்ட் என்றால் வெறும் பட்டைதான்.

வெட்டின மரத்தில் இருந்த வட்டம் பெயிண்ட்தான், மாப்பிள்ளை தப்பான மரத்தில் போட்டுவிட்டார் என்றான் மகன். அந்தப் பக்கம் கால்கூட வைக்கவில்லை என்றார் மாப்பிள்ளை. நான் மாப்பிள்ளையை நம்பவில்லை. மகளைக் கட்டிக் கொடுத்த அன்றிலிருந்தே நம்பினதில்லை. எதைக் கேட்டாலும் உடனே பதில் வைத்திருக்கிற ஆள். தப்பு செய்தவன் இன்றே பெட்டியைக் கட்டலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

பட்டை உரிப்பது என் வேலை. அந்த மரமும் என் வரிசையில்தான் கிடந்தது. டீயைப் பாதியில் வைத்தேன். எழுந்தேன், உட்கார்ந்தேன், திரும்ப எழுந்தேன். மாப்பிள்ளையின் குட்டு வெளிப்படட்டும் என்றுதான் போய் அந்த வட்டத்தைச் சுரண்டினேன்.

பச்சை.

தள்ளி இன்னொரு இடத்தில் சுரண்டினேன். அங்கேயும் பச்சை.

மகன் பின்னால் நின்றிருந்தான். மழை வருவதற்குள் முடிக்கிற அவசரத்தில் சுரண்டவில்லை என்றான்.

"உரிச்சுப் போட்டுடுங்கப்பா. யாருக்குத் தெரியப் போகுது?"

"உங்கக்கா புருஷன் கதி?"

"மச்சான் பேசியே எங்கயாவது பொழைச்சுக்குவாரு. நான் உங்க பையன்பா."

உளியை அவனிடம் நீட்டினேன். "அப்ப நீயே உரி."

வாங்கினான். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே முனையை வைத்தான். அழுத்தவில்லை. மேனேஜரின் ஜீப் சத்தம் கேட்டதும் உளியை மரத்தின் மேல் வைத்துவிட்டு நடந்தான். அவனே போய்ச் சொன்னான். தூரத்திலிருந்து கைகள் ஆடுவது மட்டும் தெரிந்தது. ரம்பத்தை ஜீப்பில் ஏற்றினார்கள். அவன் கேட்டைத் தாண்டிப் போனான், என் பக்கம் திரும்பவில்லை.

மாப்பிள்ளை என்னிடம் வந்தார்.

"மாமா, என்னைச் சந்தேகப்பட்டீங்களாமே?"

"இப்பவும்தான் படறேன். இந்த மரத்து விஷயத்துல மட்டும் இல்ல."

மகன் எங்கே என்று கேட்டார். பஸ்ஸுக்குப் போய்விட்டான் என்றேன். கையிலிருந்த பெயிண்ட் டப்பாவை அப்படியே போட்டுவிட்டு, பஸ் வருவதற்குள் அவனைப் பிடிக்க ரோட்டைப் பார்த்து ஓடினார். நானும் பின்னால் போனேன். அவர் வேகத்துக்கு என் முழங்கால் ஒத்துழைக்கவில்லை.