இடது கண்

இவள் ஈரப் பஞ்சை இமையின் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் அழுத்தினாள். எடுத்ததும் அப்பாவின் இடது கண் பழையபடி பாதி திறந்துகொண்டது. வலது கண் சமர்த்தாக மூடியிருந்தது.

"பிளாஸ்திரி போட்டு ஒட்டிடலாம்டி. சின்னப் பிள்ளைங்க பார்த்தா பயந்துக்கும்," என்றாள் அத்தை. அப்பாவின் அக்கா. தம்பி செத்த வீட்டிலும் அவளுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும்.

"வேண்டாம் அத்தை. அப்படியே இருக்கட்டும்."

அத்தை பிளாஸ்திரி தேடப் போனாள். அந்தக் கண்ணில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது என்று இருந்தது இவளுக்கு. காரணம் சொன்னால் சிரிப்பார்கள்.

நிறம், மூக்கு, பிடிவாதம் எல்லாவற்றிலும் இவள் அம்மாவை உரித்து வைத்தவள். வருகிறவர் போகிறவரெல்லாம் அதையேதான் சொல்வார்கள். "என் பங்குக்கு ஒரு ஸ்க்ரூகூட இல்லையா?" என்று சிரிப்பார் ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான அப்பா. அந்தச் சிரிப்பு கொஞ்சம் சீக்கிரமே முடிந்துவிடும்.

பள்ளிக்கூட அணியில் இரவல் துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடப் பழகியவளுக்குச் சொந்தமாக ஒன்று வாங்க அப்பாதான் கூட்டிப்போனார். கடையில் ஒரு ஏர் ரைஃபிள் மேல் அவருக்கு முன்பே ஆசை. மெருகு போட்ட மரக்கட்டை, முகம் பார்க்கலாம். கடைக்காரர் அதை எடுக்கவே இல்லை. இவளை இரண்டு கைகளையும் நீட்டி, நடுவில் சின்ன ஓட்டை இருக்கும்படி சேர்த்து, அதன் வழியே சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். வலது கண்ணை மூடியபோது கடிகாரம் அங்கேயே இருந்தது. இடது கண்ணை மூடியதும் காணாமல் போனது.

இடது கண்தான் இவளுக்குக் குறி பார்க்கிற கண், இடது தோளில் வைத்துச் சுடுகிற துப்பாக்கிதான் சரிப்படும் என்றார் கடைக்காரர். அப்பா விடவில்லை. சாப்பிடுவது வலது கை, எழுதுவது வலது கை, கண் மட்டும் எப்படி இடதாகும் என்று மல்லுக்கு நின்றார். கடைக்காரர் அலுத்துப்போய், நீங்களே செய்து பாருங்கள் என்றார்.

அப்பா கைகளை நீட்டினார். கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். ஃபிரிட்ஜின் பின்னால் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் வலது கண்ணை ஏன் சுருக்குகிறோம் என்று அவர் அதுவரை யோசித்ததே இல்லை.

"எனக்கும் இடதுதாங்க," என்றார். குரல் இறங்கியிருந்தது.

மேல்தட்டிலிருந்து இறக்கிய, அழகே இல்லாத இடது தோள் கறுப்பு ரைஃபிளை வீடு வரைக்கும் அவரே சுமந்து வந்தார். வந்ததும் வராததுமாக அம்மாவிடம் சொன்னார்: "கண்ணு என்னுதுடி. கடைக்காரரே சொல்லிட்டாரு."

அப்புறம் இவள் ஜெயித்த போட்டிகள் குறைவு. தோற்றபோதெல்லாம் அப்பா தன் கண்ணைத்தான் திட்டிக்கொண்டார். அதைக் கேட்கவே இவளுக்குப் பிடிக்கும்.

வாசலில் வண்டி வந்து நின்றது. அத்தை பிளாஸ்திரியோடு குனிந்தாள். காலையிலிருந்து சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க அண்ணி. அது அவ கண்ணு."

அத்தை பிளாஸ்திரியை மடித்துக்கொண்டாள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இவள் வாசற்படியில் நின்று இரண்டு கைகளையும் நீட்டி, அந்தச் சின்ன ஓட்டை வழியே பார்த்தாள். வலது கண்ணை மூடினாள். அப்பா அங்கேயே இருந்தார். வண்டி தெருவைத் தாண்டித் திரும்பும் வரைக்கும் மற்றதை இவள் மூடவில்லை.