கையை மடக்கிப் பாரு

"இந்த விரலை எத்தனை தடவை உடைச்சிருக்கீங்க?"

"நான் எங்க உடைச்சேன்? பந்துதான் உடைச்சுது. மூணு தடவை."

"அடேயப்பா! பந்து மேல புகார் கொடுக்கலையா?"

"அடுத்த வாரம் நாட்டுக்காக முதல் மேட்சு. மாவுக்கட்டைப் போட்டு வீட்ல உட்கார வச்சுடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"புதுசா எதுவும் உடையல, வெறும் வீக்கம்தான். விக்கெட் கீப்பரா நீங்க? அப்ப டிக்கெட் வாங்கிட்டு வந்து பார்த்துட வேண்டியதுதான்."

"ஐயையோ, வந்துடாதீங்க! நீங்க கூட்டத்துல இருக்கீங்கன்னு தெரிஞ்சா என் கண்ணு அந்தப் பக்கம் போயிடும். அப்புறம் மூக்குக்கும் நீங்கதான் கட்டுப் போடணும்."

பதினோரு வருடங்களுக்கு முன், ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் சின்ன அறையில் நடந்த பேச்சு இது. கேட்டது கட்டுப் போடுகிறவன். பதில் சொன்னவள் இருபத்திரண்டு வயது விக்கெட் கீப்பர். அவன் சிரித்த சிரிப்பில் டேப் அவனுடைய சட்டைக் கையிலேயே ஒட்டிக்கொண்டது. ஒரு வருடத்துக்குள் இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. அந்த மூக்கு நகைச்சுவையை அவள் எத்தனையோ பேட்டிகளில் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அணியில் அவளுக்குப் 'பூட்டு' என்று பெயர். அவளைத் தாண்டி எதுவும் போகாது. சுழற்பந்து வீசும்போது ஸ்டம்புக்குப் பின்னால் ஒட்டி உட்காருவாள். மட்டை பிடித்து ஆடுகிறவளின் உடம்பு பந்தை மறைக்கும். தரையில் பட்டு எழும்பும் சத்தத்தை வைத்தே கையுறையைக் கொண்டுபோய் வைப்பாள். உலகக் கோப்பை அரையிறுதியில் அப்படித்தான் கடைசி விக்கெட் விழுந்தது. எதிரணிக்காரியின் கால் கோட்டிலிருந்து நூல் அளவு தூக்கியிருந்த நொடியில் ஸ்டம்பு மேலிருந்த பெயில்ஸ் பறந்துவிட்டன.

வீட்டில் மாமியாரின் கணக்கு வேறு. "டிவியில பார்த்தா இவ கையில பந்து பசை போட்ட மாதிரி ஒட்டுது. என் வீட்டுக் கண்ணாடி டம்ளர் மட்டும் எப்படிடா நழுவுது?" என்று மகனிடம் புகார் படிப்பார். மருமகள் ஆடுகிற நாளில் மட்டும் பக்கத்து வீட்டார் எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்வார். அவள் தவறவிட்ட கேட்சுக்கு நடுவரைத் திட்டுவார்.

எல்லா ஆட்டத்துக்கும் முன்னால் அவளுடைய அடிபட்ட மோதிர விரலையும் பக்கத்துச் சுண்டு விரலையும் சேர்த்து டேப் ஒட்டுவது அவன் வேலை. உள்ளங்கையில் ஒரு பழைய பந்தைப் பிடிக்கச் சொல்லிவிட்டுத்தான் ஒட்டுவான். விரித்த கையில் ஒட்டினால் பந்தைப் பிடிக்கும்போது இறுக்குமாம். அவள் வெளிநாடு போனால் ஒட்டிய கையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். 'இரண்டாவது சுற்று தளர்வு, பிரிச்சு ஒட்டச் சொல்லு' என்று பதில் வரும். அணியின் மருத்துவர் முணுமுணுத்துக்கொண்டே பிரித்து ஒட்டுவார். மூன்று தடவை உடைந்த அந்த விரல் நான்காவது தடவை உடையவே இல்லை.

அவளை உறுத்தியது வேறொன்று. ஒட்டி முடித்ததும் அவன் ஏதோ சொல்ல வாயெடுப்பான். பிறகு விழுங்கிக்கொண்டு, "கையை மடக்கிப் பாரு" என்பான். உள்ளூரில் ஆட்டம் என்றால், "லீவு கிடைக்காது" என்று விடியற்காலையிலேயே டேப் ஒட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவான். அடிபடுவதைப் பார்க்க அவனால் முடியவில்லை என்று அவள் நினைத்தாள். 'போதும், விட்டுடு' என்ற சொல்தான் அந்தத் தொண்டையில் நிற்கிறது என்றும் நினைத்தாள். ஒரு தடவைகூட அவன் அதைச் சொன்னதில்லை. அந்த நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இன்று காலை தேர்வுக்குழுத் தலைவி போனில் பேசினார். "அடுத்த மாசம் நம்ம ஊர்ல மூணு மேட்சு. ஆடிட்டு மரியாதையா விடைபெறு. இல்ல, இப்பவே முடிச்சுக்கறதுன்னாலும் சரி. அஞ்சு மணிக்குள்ள சொல்லிடும்மா."

அவளுக்கு ஆட ஆசைதான். அந்த மூன்று ஆட்டங்களை நினைத்தாலே கை தானாகக் குவிந்தது. ஆனால் பதினோரு வருடம் வாய் திறக்காதவனுக்குத் தர அவளிடம் வேறு என்ன இருக்கிறது?

மணி நாலரை. மாலைப் பயிற்சிக்காகச் சாப்பாட்டு மேசையில் கையை நீட்டியிருந்தாள். அவன் டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்தான்.

"என்னங்க, முடிச்சுக்கறேன்னு போன் பண்ணிச் சொல்லிடப் போறேன்."

அவன் கை நின்றது. "விரல் வலிக்குதா?"

"விரலுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் யாருக்காக?"

"உங்களுக்காகத்தான். ஒவ்வொரு தடவையும் வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிட்டீங்க. எனக்குத் தெரியாதா? என்னை ஆட விட்டீங்க. இந்த விரலைக் குழந்தை மாதிரி பார்த்துக்கிட்டீங்க. நீங்க கேக்காததை நானாவே கொடுக்கணும்னு தோணுச்சு."

 உள்ளே அடுப்படியிலிருந்து மாமியாரின் குரல் பாய்ந்து வந்தது. "டேய், இவளை நிறுத்தச் சொன்னியா? அப்புறம் சாயங்காலம் டிவியில நான் யாரைப் பார்க்கறதாம்?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா!" என்று கத்திவிட்டு அவன் அவளிடம் திரும்பினான். "பைத்தியமா நீ? நிறுத்துன்னு நான் கனவுலகூட நினைச்சதில்ல. உன் மேட்சு நடக்கறப்போ வார்டுல கால்ல கட்டோட படுத்திருக்கறவங்க எல்லாரையும் டிவி முன்னாடி உருட்டிட்டு வந்துடுவேன். பெரிய டாக்டர்கிட்ட அதுக்குத் திட்டுகூட வாங்கியிருக்கேன்."

"அப்ப தொண்டைக்குள்ள நின்னது என்ன?"

அவன் டேப் சுருளை விரலில் மாட்டிச் சுற்றினான். காது சிவந்துவிட்டது.

"நீதானே சொன்னே, வந்துடாதீங்க, கண்ணு உங்க பக்கம் போயிடும்னு. நான் வந்து, நீ ஒரு கேட்ச் விட்டா அந்தப் பழி எனக்கு எதுக்கு? லீவெல்லாம் எப்பவும் கிடைக்கும். நான்தான் கேக்கல."

அவள் கையிலிருந்த பந்து நழுவி, மேசையில் உருண்டு, தரையில் விழுந்து ஓடியது. பூட்டு அதைப் பிடிக்கவில்லை.

"அது ஜோக்குங்க!" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "பதினோரு வருஷமாவா?"

அவன் குனிந்து பந்தை எடுத்தான். அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அதன்மேல் ஒவ்வொன்றாக மடக்கினான். இந்தத் தடவை எதையும் விழுங்கவில்லை.

"மூணு மேட்சும் ஆடு. கூட்டத்துல எங்கேயாவது கடைசி வரிசையில, உன் கண்ணுல படாம உட்கார்ந்துக்கறேன்... நான் கிரவுண்டுக்கு வரட்டுமா?"