ஈயக்குண்டு வலை

கழுத்துக் கட்டிக்காகக் குஞ்சம்மாள் குடித்த கதிரியக்க அயோடின் மருந்து ஒரு வாய்தான். கொடுத்த டாக்டரின் பேச்சுதான் நீளம். "கொஞ்ச நாளைக்கு உங்க உடம்புலேர்ந்து கதிர் வரும். மூணு வாரத்துக்கு, மாசமா இருக்கிறவங்க யார் கிட்டயும் போவாதீங்க."

மூன்று வாரமாம். பத்தாம் நாள், கதிர்காமத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் கலையரசிக்கு அங்கேயே வளைகாப்பு. பெற்றவள் கையால்தான் முதல் வளையல் என்பது குடும்ப வழக்கம். இவள் போகாவிட்டால் சம்பந்தி செல்வாம்பாள் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வாள். ஏற்கெனவே அந்தம்மாவுக்குத் தலைகால் புரியாது. பிள்ளைச்சாவடியிலிருந்து மீன் கூடையோடு போய் நாலு தெருவை அதட்டி வைத்திருக்கும் குஞ்சம்மாளுக்கு, நினைத்தாலே வயிறு எரிந்தது.

புருஷன் அம்மாவாசை மகளின் பழைய பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்தான். ஒரு பக்கத்தை எழுத்துக்கூட்டி முடிக்க அரை நாள் ஆயிற்று.

"மூணு வகை இருக்குதுடி. ஆல்பா சோப்ளாங்கி, ஒரு காயிதத்துலயே நின்னுடும். பீட்டாவுக்கு ஒரு தகரம் போதும். காமாதான் ஆளையே தொளைச்சிக்கினு போவும். அதுக்கு ஈயம் வேணும்."

"என் உடம்புல எது?"

"பீட்டாவும் காமாவும்னாரு டாக்டரு. பீட்டா கட்டிக்குள்ளயே வேலையைப் பாத்துட்டு அடங்கிடுமாம். காமாதான் வெளிய வரும்."

"ஈயத்துக்கு எங்க போறது?"

அம்மாவாசை வாசலில் காய்ந்த வலையைக் காட்டினான். சுனாமிக்குப் பிறகு வாங்கியது. அடியோரம் முழுக்க ஈயக்குண்டு.

வளைகாப்பன்று பட்டுப்புடவை மேல் அந்த வலையை நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அம்மாவாசை ஓட்டிய மீன் வண்டியின் பின்புறம் தனியாக உட்கார்ந்து போனாள். பந்தலில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"அங்கேயே நில்லும்மா," என்றாள் மணையில் இருந்த கலையரசி. கல்லூரியில் இயற்பியல் படித்தவள். "இது என்ன கோலம்?"

"ஈயம்டி. காமா தாண்டாது."

"கனமான தகடா இருந்தா சரி. இது வலைம்மா, முழுக்க ஓட்டை. எல்லா ஓட்டை வழியாவும் வரும்."

குஞ்சம்மாள் திரும்பிப் பார்த்தாள். அம்மாவாசை வண்டிக்குப் பின்னால் மறைந்திருந்தான்.

செல்வாம்பாள் வளையல் தட்டோடு எழுந்தாள். "வந்தது வந்துட்டாங்க. ஒண்ணே ஒண்ணு போட்டுட்டுப் போவட்டும். ஒரு நிமிசத்துல என்ன ஆயிடப் போவுது?"

இதைக் குஞ்சம்மாள் எதிர்பார்க்கவில்லை. கால் தானாக முன்னால் போனது. மகளின் வயிற்றைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"வேணாம் சம்பந்தி. நீங்களே போடுங்க."

"எட்டப் போவப் போவ கதிரு சட்டுனு கொறைஞ்சிடும்மா," என்றாள் கலையரசி.

குஞ்சம்மாள் தெருவைத் தாண்டி எதிர்ப்புறம் போய் நின்றாள். இப்போது வயிறு எரியவில்லை. ஆனாலும் மீன் விற்ற தொண்டை சும்மா இருக்குமா? "பச்சையை மொதல்ல போடுங்க சம்பந்தி. கட்டை வெரலை மடக்கிப் புடிங்க."

கலையரசி கையை உயர்த்திக் காட்டினாள். "தெரியுதாம்மா?"

ஒன்றும் தெரியவில்லை. கிட்ட வாயேன் என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"நல்லா தெரியுதுடி," என்று சொல்லி, இன்னும் இரண்டடி பின்னால் போனாள்.